என்னைவிட அதிகம் கேட்டவன்

“எண்பதாயிரம்,” என்றார் பெயின்டர். சொல்லிவிட்டு டீயை ஒரு வாய் உறிஞ்சி, மச்சானின் முகம் மாறுவதற்காகக் காத்திருந்தார்.

முகம் மாறத்தான் செய்தது. புருவங்கள் இரண்டும் மேலே ஏறின. வாய் லேசாகத் திறந்தது. பக்கத்தில் நின்ற அக்கா, பிஸ்கெட் தட்டை மேசையில் வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆச்சு, இன்னும் ஒரு நிமிஷம்தான் என்று பெயின்டர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். இப்போது மச்சான், “அவ்வளவு முடியாது மாப்ளே, வேற ஆளைப் பார்த்துக்கறேன்” என்பார். தானும் வருத்தமாகத் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். உறவு முறியாது. வேலையும் தலையில் விழாது.

அந்த வீட்டின் உள்சுவர்கள் அத்தனைக்கும் பெயின்ட் அடிக்க நியாயமான தொகை நாற்பதாயிரம். பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் அதே தொகைக்கு முடித்தது மச்சானுக்கே தெரியும். தெரிந்திருந்தும் பெயின்டர் அதை இரண்டால் பெருக்கிச் சொன்னதற்குக் காரணம் பேராசை அல்ல. வேலை வேண்டாம் என்பதுதான் காரணம்.

ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் மொத்தக் கட்டடமும் விடுமுறைக்குள் அடித்து முடிக்கும் வேலை அவருக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை ஆட்களோடு போய் இறங்க வேண்டும். அந்த ஒரு வேலை கையில் இருந்தால், அவரிடம் இருக்கும் ஆட்களுக்கு வருஷம் முழுக்கக் கூலிக்குக் கவலை இல்லை. தவறினால் அவர்களைப் பாதியாகக் குறைக்க வேண்டியதுதான்.

இரண்டாவது காரணம், மச்சானின் டார்ச்.

மச்சான் ஒரு கிடங்கில் சரக்குச் சரிபார்க்கிறவர். பெட்டிகளின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்துப் பழகிய கண். அந்தப் பழக்கத்தை அவர் வேலை முடிந்ததும் கிடங்கிலேயே விட்டுவிட்டு வருவதில்லை. முன்பு ஒரு தடவை அவர் வீட்டுக் குளியலறைக் கதவுக்குப் பெயின்டர் வர்ணம் அடித்துக்கொடுத்தபோது, கதவோடு கன்னத்தை ஒட்டவைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்து, “மாப்ளே, இங்க ஒரு முடி ஒட்டியிருக்கு” என்றார். பிரஷ்ஷின் முடி. அந்த ஒற்றைக் கதவுக்கு நாலு தடவை வர்ணம் அடிக்க நேர்ந்தது. கதவுக்கே அந்தப் பாடு என்றால், முழு வீட்டுக்கு எத்தனை விடுமுறை வேண்டும்!

நேரம் இல்லை என்று சொல்லிவிடலாமே என்றால், அதுவும் முடியாது. ஊருக்கெல்லாம் அடிக்கிறவனுக்குக் கூடப்பிறந்தவள் வீட்டுக்கு மட்டும் நேரமில்லையா என்று அக்கா கேட்டுவிட்டால், அப்புறம் அவள் பேச்சு நின்றுபோகும். தொழிலில் அவர் கடைப்பிடித்த முறை இதுதான்: வேண்டாத வேலைக்கு இல்லை என்று சொல்லக் கூடாது, விலையைச் சொல்ல வேண்டும். வந்தவரே போய்விடுவார். இதுவரை யாரும் போகாமல் இருந்ததில்லை.

மச்சான் அக்காவைப் பார்த்தார். அக்கா மச்சானைப் பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் சமையலறைக்குள் போனார்கள். குசுகுசுவென்று பேச்சு. ஒரு பாத்திரம் விழுந்தது. மறுபடி குசுகுசு. மச்சான் மட்டும் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“மாப்ளே, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. நேத்து இன்னொரு பெயின்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.”

“அதனால என்ன மச்சான், தாராளமா அவருக்கே குடுங்க!” என்றார் பெயின்டர், தன் குரலில் இருந்த சந்தோஷத்தை அடக்க முடியாமல்.

“எப்படிக் குடுக்கறது? அவன் தொண்ணூத்தஞ்சு கேட்டானே!” மச்சான் தொடையைத் தட்டினார். “நீ அவனை அண்டர்கட் பண்ணிட்டே. வேலை உனக்குத்தான்!”

பெயின்டரின் கையிலிருந்த டம்ளர் தளும்பியது.

வாசல் வரை வந்த அக்கா அவர் தோளைத் தொட்டுக் கேட்டாள்: “தம்பி, நீ நல்லாத்தானே இருக்கே?”

“நல்லாத்தான் இருக்கேன். ஏன்?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்,” என்று சொல்லிவிட்டு அவள் அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் ஒரு வார் அறுந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. பெயின்ட் வேலைக்குப் போகிறவன் புதுச் செருப்பா போடுவான்?

பெயின்டரின் மனைவி டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பயண ஏஜென்சி ஒன்றில் கவுன்ட்டரில் உட்காருகிறவள். அன்று மாலை அவள் கைப்பையைக் கீழே வைப்பதற்குள் பெயின்டர் கேட்டார்:

“ஏம்மா, அண்டர்கட் பண்றதுன்னா என்ன?”

“யார் யாரை?” என்றாள் அவள்.

“அர்த்தம் கேட்டா நீ திருப்பிக் கேள்வி கேக்கறே!”

“அந்த வார்த்தைக்கு அப்படித்தாங்க. ரெண்டு ஆள் வேணும். எங்க ஆபீஸுக்கு எதிர்ல இன்னொரு ஆபீஸ் இருக்கில்ல, அவங்க ஒரு டிக்கெட்டை ஆயிரத்துக்கு விக்கறாங்கன்னு வெச்சுக்கோங்க. நாங்க தொள்ளாயிரத்துக்குக் குடுத்து அங்க போற ஆளை இங்க இழுத்துட்டா, நாங்க அவங்களை அண்டர்கட் பண்ணிட்டோம்னு அர்த்தம்.”

“சுருக்கமா, விலையைக் குறைக்கறது.”

“வெறுமனே குறைக்கறது இல்ல. எதிர்ல யாருமே இல்லாம எங்க விலையை நாங்களே குறைச்சா அது தள்ளுபடி. அடுத்தவன் விலைக்குக் கீழ போய் அவன் காலை வாரணும். அப்பத்தான் அண்டர்கட்.”

பெயின்டர் யோசித்தார். “நான் குறைக்கலையே. ரெண்டு மடங்கா ஏத்தினேனே.”

“அவன்?”

“அவன் அதுக்கும் மேல ஏத்தியிருக்கான்.”

“அப்ப அண்டர்கட்தான். உங்க விலை எங்க நிக்குதுன்னு யாரும் பார்க்கறதில்ல. அவனுக்குக் கீழ நிக்குதா, அவ்வளவுதான் கணக்கு.”

“அப்படின்னா விலையை ஏத்திக்கிட்டே ஒருத்தனை அண்டர்கட் பண்ணலாமா?”

“பண்ணலாம்,” என்றாள் மனைவி, முகம் கழுவப் போய்க்கொண்டே. “அதுக்கேத்த மாதிரி ஒரு கிறுக்கன் எதிர்ல கிடைக்கணும்.”

அந்தக் கிறுக்கனை நினைத்துக்கொண்டே பெயின்டர் அன்று படுத்தார். நாற்பதாயிரம் வேலைக்குத் தொண்ணூற்றைந்து கேட்கிறவன் யாராக இருக்கும்? அவனுக்கும் அந்த வேலை வேண்டாமோ? டார்ச்சைப் பற்றி அவனுக்கும் யாராவது சொல்லியிருப்பார்களோ?

மறுநாள் பெயின்டர் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு சுவராகத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஒரு டாக்டர் மோசமான செய்தியைச் சொல்லப்போகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மச்சான், நேத்து நான் சரியாப் பார்க்கல. உள்ளே ஈரம் ஏறியிருக்கு. பழைய பட்டிப் பூச்சை மொத்தமாச் சுரண்டி எடுத்துட்டுப் புதுசா வைக்கணும். எண்பதுல ஆகாது. ஒரு லட்சத்து இருபது.”

மச்சான் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். அதில் ஏதோ எழுதியிருப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஆச்சரியமா இருக்கு மாப்ளே,” என்றார். “அவனும் இன்னிக்குக் காலையில போன் பண்ணினான். ஈரத்தை அவனும் கவனிக்காம விட்டுட்டானாம். இப்ப ஒரு லட்சத்து நாப்பதுங்கறான்.”

“என்னது?”

“மறுபடியும் நீ அவனை அண்டர்கட் பண்ணிட்டே!” மச்சான் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பெயின்டர் அசரவில்லை. “ஆனா ஒண்ணு. இப்ப எனக்கு ஆள் இல்ல. மூணு மாசம் கழிச்சுத்தான் தொட முடியும்.”

“ஐயையோ, மூணு மாசமா? அதெல்லாம் தாங்காது!” என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“என்னக்கா தாங்காது?”

உள்ளே ஒரு கரண்டி கீழே விழுந்தது.

“சுவரு,” என்றாள் அக்கா.

“திங்கட்கிழமையே ஆரம்பிச்சுடு மாப்ளே,” என்றார் மச்சான். “ஒருத்தனா வந்து மெதுவாப் பண்ணினாலும் போதும். முக்கியம் என்னன்னா, ஆரம்பிக்கணும்.”

கிளம்பும்போது அக்கா ஒரு பெரிய அடுக்கு டிபன் கேரியரைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். “வீட்டுக்குக் கொண்டு போ. பாவம், அவளும் வேலைக்குப் போயிட்டு வந்து என்னத்தைச் சமைப்பா?”

இத்தனை வருஷமாக மனைவி வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். பெயின்டர் கேரியரைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல இருந்தது. ‘சோத்தைப் போட்டு மடக்கப் பாக்கறாங்க.’

விலையால் முடியாததை வேலையால் முடிக்கலாம் என்று அவர் தீர்மானித்தார். சனிக்கிழமையன்று சுவரில் ஒரு சதுரம் மட்டும் மாதிரிக்கு அடித்துக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு, ஒரு டப்பாவும் ரோலரும் பிரஷ்ஷுமாகப் போய் நின்றார்.

மோசமாகப் பெயின்ட் அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. ரோலரைக் கோணலாக இழுத்தால், மணிக்கட்டு தானாகவே திரும்பி வந்து நேராக்கியது. சொட்டு ஒன்று வழிந்தால், அவர் நினைப்பதற்குள் சுண்டுவிரல் போய்த் துடைத்துவிட்டது. இரண்டு தடவை அழகாக வந்துவிட்டதை அவரே ஈரத்துணியால் கெடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் வலது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு இடது கையால் அடித்தார். பலன் கிடைத்தது. ஓரம் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது. நடுவில் திட்டுத்திட்டாகப் பழைய நிறம் தெரிந்தது. சொட்டுகள் வழிந்து, பாதி வழியில் மனசு மாறி நின்றன.

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு சதுரத்தை அவர் பார்த்ததில்லை. பார்க்கவே கண்ணில் தண்ணீர் வந்தது.

“மச்சான், வந்து பாருங்க. இதுதான் நம்ம வேலைத்தரம்.”

மச்சான் வந்தார். பார்த்தார். சட்டைப்பையில் டார்ச் இருந்தது. கை அதை நோக்கிப் பாதி தூரம் போனது. அக்கா பின்னாலிருந்து லேசாகக் கனைத்தாள். கை திரும்பிவிட்டது.

“அருமை!” என்றார் மச்சான். “இதுல என்ன குறை சொல்றது?”

“டார்ச் அடிச்சுப் பாக்கலையா?”

“எதுக்கு? நல்ல வேலைக்கு எதுக்கு டார்ச்சு?”

“மச்சான், அந்த ஓரத்தைப் பாருங்க. வழிஞ்சிருக்கு.”

“அது ஒரு டிசைன் மாதிரி இருக்கு.”

“திட்டுத்திட்டா இருக்கு!”

“இன்னொருத்தன் அடிச்சுக் காட்டினானே, அதைப் பார்த்திருந்தா இப்படிப் பேசமாட்டே. இதைவிடக் கேவலம்.”

பெயின்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைவிடக் கேவலமாக மனிதனால் அடிக்க முடியுமா? அப்படியானால் அவன் காலால் அடித்திருக்க வேண்டும். “எங்க அடிச்சான்? காட்டுங்க.”

மச்சான் சுற்றிலும் பார்த்தார். “அது... இங்கதான். கழுவிட்டோம்.”

“கழுவினா போயிடுமா பெயின்ட்டு?”

“அவ்வளவு மட்டமான பெயின்ட்டு மாப்ளே,” என்றார் மச்சான்.

பெயின்டர் அந்தச் சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். கழுவின சுவரா, கழுவாத சுவரா என்று விரல் சொல்லிவிடும். அழுக்கு படலமாக அப்படியே இருந்தது. வருஷக்கணக்கில் யாரும் அந்தச் சுவரில் கை வைக்கவில்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் மச்சான் ஒரு கவரை அவருடைய சட்டைப்பைக்குள் திணித்துவிட்டார். “அட்வான்ஸ். பாதி இருக்கு. மீதியை ரெண்டு நாள்ல தர்றேன்.”

“வேண்டாம் மச்சான், வேலையே ஆரம்பிக்கல...”

“வாங்கிக்கடா!” என்றாள் அக்கா. அவள் கண் ஓரம் சிவந்திருந்தது. பெயின்ட் வாடை அவளுக்கு ஆகாது என்று பெயின்டர் நினைத்துக்கொண்டார்.

இப்போது பள்ளிக்கூட வேலை கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், பெயின்டரின் மண்டையைக் குடைந்தது அதுமட்டும் அல்ல. அவருக்கு அந்த இன்னொருவனைப் பார்த்தே ஆக வேண்டும்போல இருந்தது. நேராகப் பெயின்ட் கடைக்குப் போனார். சுற்று வட்டாரத்தில் பிரஷ் பிடிக்கிறவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் வாங்குவார்கள். யார் யாருக்கு எங்கே வேலை என்பது கடைக்காரருக்கு மனப்பாடம்.

“அண்ணே, எங்க அக்கா வீட்டுக்கு யாராவது கொட்டேஷன் குடுத்தாங்களா?”

“உங்க அக்கா வீட்டுக்கா? அந்த டார்ச்சு சார் வீட்டுக்கா?” கடைக்காரர் சிரித்தார். “அந்தத் தெருப்பக்கம் போறதுக்கே நம்ம ஆளுங்க யோசிப்பாங்க.”

“நம்ம ஆளுங்க இல்லாம வெளியாள்? ஒரு லட்சத்து நாப்பது கேட்டிருக்கானாம். என்னைவிட மோசமா அடிப்பானாம். கழுவினா போற பெயின்ட்டு வெச்சிருக்கானாம்.”

கடைக்காரர் கல்லாவை மூடிவிட்டு எழுந்து நின்றார். “உன்னைவிட அதிகமா வாங்கறான், உன்னைவிட மோசமா அடிக்கறான், அப்படியும் ஆளுங்க கூப்பிட்டுக் காட்டறாங்களா? அப்படி ஒருத்தன் இருந்தா சொல்லு தம்பி, கடையை அவன்கிட்ட குடுத்துட்டு நான் அவன்கிட்ட வேலைக்குச் சேர்ந்துடறேன்.”

“இல்லைங்கறீங்களா?”

“இருந்தா என் கடைக்கு வராம எங்க போவான்? ஒரு பிரஷ்ஷாவது வாங்கணுமே!”

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டிபன் கேரியரை அடுக்கு அடுக்காகப் பிரித்து வைத்தபடி சொன்னாள்: “ரொம்ப லேசுங்க. ரெண்டாவது ஆள் இல்ல. ஆள் இல்லாம அண்டர்கட் கிடையாது. உங்க மச்சான் புளுகறார்.”

“அதுதான் எனக்கும் தோணுது. ஆனா எதுக்கு?”

“நாங்களும் இப்படிப் பண்ணுவோம். டிக்கெட் விலையைக் குறைக்கறதுக்குப் பதிலா, பக்கத்துல ஒரு பெரிய விலையை எழுதி அதைக் கோடு போட்டு அடிச்சு வெச்சிருப்போம். அந்தப் பெரிய விலைக்கு யாரும் வித்ததே இல்ல. ஆனா அதைப் பார்த்ததும் எங்க விலை மலிவாத் தெரியும். வர்றவங்க சந்தோஷமா வாங்கிட்டுப் போவாங்க.”

“சரி. ஆனா அதை விக்கறவங்க பண்றீங்க. இங்க விக்கறவன் நான். நான் சொன்ன விலையை மலிவாக் காட்டறதுக்கு, வாங்கறவர் எதுக்கு இல்லாத விலையைச் சொல்லணும்? அவருக்கு என்ன லாபம்?”

மனைவி வாய்வரை கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். “ஆமா. அதுதான் இடிக்குது.”

“நாப்பதுக்கு முடியற வேலைக்கு மூணு மடங்கு குடுத்து, நான் தோத்துடக் கூடாதுன்னு எனக்கு எதிர்ல ஒரு ஆளையும் நிறுத்தி, அந்த ஆளை நான் ஜெயிச்சுட்டேன்னு கையும் குலுக்கறார். டார்ச்சைக்கூட எடுக்கல!”

“டார்ச்சை எடுக்கலையா?” மனைவிக்கு அதைக் கேட்டதும்தான் உண்மையிலேயே பயம் வந்தது. “அப்ப ஏதோ பெரிய விஷயம். வீட்டுல ஏதாவது வில்லங்கம் இருக்குமோ? சுவருக்குள்ள ஏதாவது...?”

“சுவரை நானே தட்டிப் பார்த்தேன். நல்ல சுவர்.”

இருவரும் சாப்பிட்டார்கள். அக்காவின் சமையல் நன்றாகவே இருந்தது. அதுவும் சந்தேகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட மேலாளர் போன் செய்தார். “என்ன சார், நாளைக்கு ஆளுங்களோட வர்றீங்களா இல்லையா? மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்க. இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்கார். உங்களைவிடக் குறைச்சலாவே பண்ணித் தர்றேங்கறார்.”

இது நிஜமான இன்னொருவர். நிஜமான அண்டர்கட். பெயின்டருக்கு ஒரு நொடி வார்த்தையின் முழு அர்த்தமும் வயிற்றுக்குள் இறங்கி உட்கார்ந்தது.

“வர்றேன் சார். கட்டாயம் வர்றேன். ஒரு மணி நேரத்துல உறுதியாச் சொல்லிடறேன்,” என்றார்.

கவரை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். இனி விலையும் இல்லை, ஈரமும் இல்லை. நேராகப் போய் நிற்க வேண்டும். ‘மச்சான், உங்க வேலை எனக்கு வேண்டாம். ஆரம்பத்துலேர்ந்தே வேண்டாம். நீங்க வேற ஆளைத் தேடிப் போகணும்னுதான் விலையை ஏத்தினேன். இந்தாங்க உங்க பணம்.’ அவ்வளவுதான். அக்கா பேசாவிட்டால் பேசாமல் போகட்டும். அந்தக் கற்பனைப் பெயின்டரையே வைத்து வீட்டை அடித்துக்கொள்ளட்டும். வழி நெடுக அந்த வாக்கியங்களை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார். மூன்றாவது தடவையில் ‘வேண்டாம்’ என்பது நன்றாகவே வந்தது.

மச்சான் வீட்டு வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது. அதில் பெரிய டி.வி. ஏற்கெனவே ஏறியிருந்தது. பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம் கயிற்றால் கட்டப்பட்டு நின்றது. கதவிடுக்கில் மூன்று பேர் உட்காரும் சோபா பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக மாட்டிக்கொண்டிருக்க, அதன் வெளிப்பக்கத்தைப் பிடித்தபடி தலையில் துண்டு கட்டிய ஓர் ஆள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

நாளைக்குத் தொடங்கப்போகிற வேலைக்கு இன்றைக்கே வீட்டைக் காலி செய்கிறார்கள்!

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று ஓடினார். “பெயின்ட் அடிக்கறதுக்காகச் சாமானை வெளியே எடுக்கறீங்களா? வேண்டாம். எல்லாத்தையும் திரும்ப உள்ளே வைங்க. வேலை நடக்காது.”

துண்டு கட்டிய ஆள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன பெயின்ட்டு? நான் பழைய சாமான் எடுக்கறவன். இதெல்லாம் விலைக்கு வாங்கிட்டுப் போறேன்.”

“விலைக்கா? இது வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலையே!”

“அதான் நானும் கேட்டேன். அவசரமாம். நான் பாதி விலை சொன்னேன். எல்லாரும் அடிச்சுப் பேசுவாங்களேன்னு கொஞ்சம் இடம் விட்டுத்தான் சொன்னேன். இவர் டார்ச்சை எடுத்துக்கிட்டு வந்து சோபா கால் ஒவ்வொண்ணாக் காட்டி, இது நல்ல மரம், இது நல்ல மரம்னு சொன்னாரே ஒழிய, விலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. உள்ளே மீதிச் சாமானுக்கு ரசீது எழுதிக்கிட்டிருக்கார்.”

“அப்படி என்ன அவசரம்?”

அந்த ஆள் திரும்பி உள்ளே ஒரு தடவை பார்த்தார். சோபாவின் கைப்பிடிமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சாரோட சம்சாரத்துக்கு ஒரு தம்பியாம், பெயின்டராம், கூடப்பொறந்த அக்காகிட்டயே மூணு மடங்கு கேக்கறான்னா அவன் எந்தக் கஷ்டத்துல மாட்டியிருக்கானோ, பாவம், ரோஷக்காரன், சும்மா குடுத்தா கை நீட்ட மாட்டானேன்னு, இல்லாத ஒரு பெயின்டரை உண்டாக்கி, விலையை ஏத்தி ஏத்தி அவன் பையில பணத்தைத் திணிக்கறதுக்குள்ள சாருக்கு உசுரே போயிடுச்சாம்... அட, சும்மா நிக்கறீங்களே, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க தம்பி. ஆமா, நீங்க யாரு, பக்கத்து வீடா?”